பங்குப் பள்ளியை மூடுவதற்கு முன்னால்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

நம் ஊர்த் தொடக்கப்பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஆடிட்டோரியம் கட்டலாம் என்ற பேச்சு அன்பியக் கூட்டங்களில் அடிபடுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றாம் வகுப்பில் சேருகிற பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆகஸ்டு 1-ஆம் தேதி கணக்கில் பிள்ளை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும். ஆசிரியர் போனால் இருக்கிற பிள்ளையும் போகும். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தத் தேதியை நெஞ்சு படபடக்கப் பார்த்தவள் நான். ஆனாலும் சொல்கிறேன், மூடக்கூடாது. அதுவும் இந்த நேரத்தில் கூடவே கூடாது.

இந்த நேரம் என்று ஏன் சொல்கிறேன்? காலை உணவு வந்திருக்கிறது மக்களே. 2022 செப்டம்பர் 15-ல் அந்தத் திட்டம் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான். நம்மைப் போன்ற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குக் கிடையாது. 2024 ஜூலை 15-ல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. நகர்ப்புறப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டு 26-ல் விரிவாக்கியபோது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டும் நம்முடைய பள்ளிகளைப் போன்ற கத்தோலிக்கப் பள்ளிகள். அரசாங்கம் தேடிவந்து அடுப்பு மூட்டிய பிறகு நாம் கதவைப் பூட்டுகிறோம் என்றால் என்ன சொல்வது?

"ஓசி உப்புமாவுக்கா பிள்ளையை அனுப்புவது" என்று ஒரு உறவுக்காரி கேட்டாள். முந்திரி ஆலைக்கு விடிந்ததும் ஓடுகிற தாய், இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகிற தகப்பன், மீன் பெட்டியைச் சுமந்து சந்தைக்குப் போகிற அம்மச்சி, இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் காலையில் கட்டன்சாயா மட்டும் குடித்துவிட்டு வந்து மூன்றாவது பீரியடில் தலை சாய்ப்பதைப் பார்த்தவளுக்கு ஓசி என்ற வார்த்தை வாயில் வராது. பசியோடிருக்கிற பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது. நான் சத்தம் போட்டும் ஏறியதில்லை. (உப்புமாவுக்குப் பதில் புட்டும் பயறும் போட்டால் நம் பிள்ளைகள் இன்னும் ஆசையாகத் தின்னும். அது வேறு விஷயம்.)

பிள்ளைக்குச் சோறு போட்டுப் பாடம் சொல்வது நம் சபைக்குப் புதிதும் இல்லை. நம் மண் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், புனித சாவறை குரியாக்கோஸ் எலியாஸ், ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1864-ல் உத்தரவு போட வைத்தவர். ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்தார். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே போடுவதுதான் பிடியரிசி. அவர் சீரோ மலபார், நாம் இலத்தீன் என்று யாரும் வாதத்துக்கு வராதீர்கள். காமராஜர் 1956-ல் மதிய உணவு தொடங்கினார். அதே வருஷம் நவம்பர் 1-ல்தான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். பின்னால் நாகர்கோவில் தொகுதி அவரை எம்.பி. ஆக்கி அனுப்பியது. அந்த ஊர்க்காரர்களான நமக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, பிள்ளைகள் ஏன் வருவதில்லை? ஆசிரியர் சரியில்லை, கட்டடம் சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். என் அனுபவத்தில் காரணம் வயது மூன்று. உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. மூன்று வயதில் மஞ்சள் வேன் வாசலில் வந்து பிள்ளையை எல்.கே.ஜி.க்கு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. யூனிபார்ம், டை, ஷூ, கூட்டுக்காரப் பிள்ளைகள் எல்லாம் ஆனபிறகு ஐந்து வயதில் எந்தத் தாய் அதை இறக்கி நம் பள்ளியில் சேர்ப்பாள்? நாம் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று பிள்ளை பிடிக்கிறோம். பிள்ளையோ இரண்டு வருஷம் முன்னாலேயே போய்விட்டது. பங்கு சார்பில் ஒரு நல்ல மழலையர் வகுப்பு அதே வளாகத்தில் நடந்தால் பாதிப் பிரச்சினை தீரும். நடத்துகிற பங்குகள் இருக்கின்றன.

அடுத்தது ஆங்கிலம். பெற்றோரின் பயம் நியாயமானது, நான் அதைக் கேலி செய்யமாட்டேன். ஆனால் தமிழ்வழியை விட்டால் எதை இழக்கிறோம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்கு டி.என்.பி.எஸ்.சி. சான்று கேட்கிறது. பத்தாம் வகுப்பில் வந்து மாறினால் பயனில்லை. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பர் 30 முதல் உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்த பெண்பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இதையெல்லாம் பிரசங்கத்துக்குப் பிறகு அறிவிப்பு வாசிக்கும்போது யாராவது சொன்னதுண்டா?

பங்குத்தந்தையர் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒன்று கேட்கிறேன். ஏழைகளுக்கு முன்னுரிமை என்று பீடத்தில் நின்று சொல்கிறோம். கட்டணம் வாங்குகிற மெட்ரிக் பள்ளிக்கு மாடிமேல் மாடி எழும்புகிறது. கட்டணம் இல்லாத பங்குப் பள்ளிக்கு ஓடு மாற்ற ஆளில்லை. திருவிழாவின் பத்து நாளில் வாணவேடிக்கைக்குப் போகிற காசில் கால்வாசி போதும், கழிப்பறையைச் சரிசெய்ய.

இன்று அந்தப் பள்ளியில் மிச்சமிருப்பது யார் என்று போய்ப் பாருங்கள். பாதிக்குமேல் நம் பங்குப் பிள்ளைகளே இல்லை. கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், பள்ளிவாசலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். இந்தி பேசிக்கொண்டு வந்த ஒரு சின்னவள், ஒரு வருஷத்துக்குள் "எனக்க பென்சிலைத் தா டீச்சரே" என்று நம் பேச்சில் கேட்கிறாள். பள்ளியை மூடினால் நம் பிள்ளைகளுக்கு வேன் இருக்கிறது. இவளுக்கு எது இருக்கிறது? பக்கத்து ஊருக்குப் போக மெயின் ரோட்டைக் கடக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை.

ஆடிட்டோரியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்குப் பின்னால் தோப்பு சும்மாதானே கிடக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். முடிவைத் தள்ளிவைத்து இரண்டு வருஷம் பள்ளிக்கு அவகாசம் கொடுக்கட்டும். வருகிற ஜூனில் மழலையர் வகுப்பைத் தொடங்குவோம். ஆங்கிலம் பேசப் பழக்க வாரம் மூன்று நாள் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். ஓய்வுபெற்ற இன்னும் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன், ஒருவர் சரி என்றார், இன்னொருவர் முட்டுவலி என்கிறார். வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகள் ஒரு வேனுக்கு வழி பார்த்தால் நல்லது. ஊரில் இருக்கிறவர்கள் பணம் தர வேண்டாம், பேரப்பிள்ளையைத் தாருங்கள். பங்குப் பேரவை கூடுவதற்குள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். எதிர்க்கருத்தும் எழுதலாம், ஆனால் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள். போன் பண்ணுகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் பண்ணுங்கள்.