தோளில் சுமை எதற்கு?

1838-ம் ஆண்டு. பாரிஸ் நகரம். லூயி டாகேர் என்பவர், உயரமான ஜன்னல் ஒன்றில் தம் கேமராவை வைத்தார். கீழே பெரிய சாலை. வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சாலையை அவர் படம் பிடித்தார்.

படத்தைப் பார்த்தால் ஆச்சரியம்! சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. வண்டி இல்லை; குதிரை இல்லை. ஒரு மூலையில் மட்டும் ஒரு மனிதர் தெரிகிறார். ஒரு காலைத் தூக்கி வைத்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார்.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? அந்தக் காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். ஓடியவர்கள் பதியவில்லை. நின்றவர் பதிந்துவிட்டார்! மனிதர் தெரிகிற முதல் புகைப்படம் என்று இதைத்தான் சொல்லுகிறார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். கண் இமைப்பதற்குள் கேமரா படம் பிடித்துவிடுகிறது. ஆனால், படம் பிடிக்கிறவர் ஓடுகிறார்! பத்து நாளில் ஐந்து நாடு. காலையில் ஓர் ஊர், மாலையில் இன்னோர் ஊர். தோளில் பெரிய பை. அதில் இரண்டு கேமரா, நாலு லென்ஸ். பையை இறக்கி, லென்ஸை மாற்றி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது.

கடன் வாங்கியும், பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தும் வெளிநாடு போகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: சுமையைக் குறையுங்கள், நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

சுமை தாங்காதவர் செய்த கேமரா

இது புதிய யோசனை அல்ல. ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் ஆஸ்கர் பர்னாக் என்ற தொழில்நுட்ப நிபுணர் இருந்தார். அவருக்கு மூச்சிரைப்பு நோய். கண்ணாடித் தகடு போட்ட பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற அவரால் முடியவில்லை. சினிமா பிலிமைப் போட்டுப் படம் எடுக்கும் சிறிய கேமராவை அவரே செய்தார். 1925-ம் ஆண்டு அது "லைகா" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அந்தக் கேமராவோடு தெருவில் நடந்தவர்தான் பிரான்சு நாட்டின் ஆன்ரி கார்த்தியே-பிரஸ்ஸோன். 1932-ல் பாரிஸ் ரெயில் நிலையம் ஒன்றின் பின்புறம், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதித்த ஒரு மனிதரை அவர் படம் பிடித்தார். அது உலகப் புகழ் பெற்றது. பெரும்பாலும் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸைத்தான் அவர் பயன்படுத்தினார்.

"பெரிய லென்ஸ் இல்லாமல் கோபுர உச்சியை எப்படி எடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயந்தான். பறவைகளையும், எட்டாத உயரத்துச் சிற்பங்களையும் எடுக்கிறவருக்கு அது தேவை. ஆனால், குடும்பத்தோடு ஊர் பார்க்கப் போகிறவருக்கு ஒரு கேமரா, ஒரு லென்ஸ் போதும். நல்ல செல்போன் இருந்தால் அதுவே போதும்.

பெட்டியில் என்ன வைப்பது?

கேமராவைக் கையோடு கொண்டுபோகும் பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் உடையலாம், தொலையலாம். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. எனவே, சுமையைக் குறைக்க இதுவும் ஒரு காரணம்!

உபரி பாட்டரிகளையும், "பவர் பாங்க்"கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். இது விமான விதி. லித்தியம் பாட்டரி சில சமயம் தீப்பிடிக்கும். பயணிகள் இருக்கும் இடத்தில் பிடித்தால் ஊழியர்கள் உடனே அணைப்பார்கள். சரக்கு அறையில் பிடித்தால்? நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது!

நம் ஊரைப் போலவே ஐரோப்பாவிலும் மின்சாரம் 230 வோல்ட்தான். பிளக்தான் வேறு. பெரும்பாலான நாடுகளில் இரண்டு உருண்டைக் கம்பி. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் மூன்று பட்டைக் கம்பி. ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு மெமரி கார்டு, லென்ஸ் துடைக்க மெல்லிய துணி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. அவ்வளவுதான்!

விலை உயர்ந்த கேமராவா? புறப்படும்போதே விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டி, சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது "வெளிநாட்டில் வாங்கியதா?" என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும்.

எப்போது எடுப்பது?

ஜூன் மாதம் பாரிசில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும். டிசம்பரில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு போனால் அவசரம் இருக்காது. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது, கல் கட்டிடங்கள் பொன்னிறமாகத் தெரியும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். ரொட்டி வாங்கிப் போகும் கிழவர், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்று ஊரே உங்கள் முன் நடந்து வரும்.

அது அவர்கள் வீடு

ஒன்றை மறக்கக் கூடாது. நமக்கு அது காட்சி. அங்கே இருப்பவர்களுக்கு அது வீடு. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரைக் கிராமம் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட வசிக்காத அந்த ஊரில், படம் எடுக்க வந்து குவிகிறவர்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில்! 2023-ம் ஆண்டு, எல்லோரும் நின்று படம் எடுக்கும் இடத்தில் காட்சியை மறைத்து மரவேலி போட்டார்கள். கண்டனம் எழுந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால், அந்த ஜனங்களின் சலிப்பு நியாயமானதுதான். நம் வீட்டு வாசலில் தினமும் கூட்டம் நின்றால் நாம் சும்மா இருப்போமா?

எனவே, ஒருவர் முகத்தை எடுக்குமுன் சைகையாலாவது அனுமதி கேளுங்கள். வாட்டிகனில் சிஸ்டைன் தேவாலயத்திலும், ஆம்ஸ்டர்டாமில் ஆனி பிராங்க் மறைந்து வாழ்ந்த வீட்டிலும் படம் எடுக்கத் தடை உண்டு. அங்கே கேமராவை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

ஒவ்வொரு நாள் இரவும் நல்ல படம் பத்தை மட்டும் பொறுக்குங்கள். ஊரின் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். ஊர் திரும்பியதும் வயதான தாயார் ஒரு படத்தைக் கையில் வாங்கி, "இது யாரப்பா? எந்த ஊர்?" என்று கேட்பார். அப்போது பதில் சொல்லத் தெரிய வேண்டும். பதில் தெரிந்த 50 படங்கள், பதில் தெரியாத 5 ஆயிரம் படங்களைவிட மேல்!