துப்பாக்கியின் தலைமுறைகள்

மனிதனுக்குத் தலைமுறை உண்டு. மாட்டுக்கும் மரத்துக்கும்கூட உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம். துப்பாக்கிக்கும் தலைமுறை உண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, பாட்டனைவிடப் பேரன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று அட்டவணை போட்டுப் பார்த்து வாங்குகிறார்களாம். இந்த அட்டவணையைப் பற்றித்தான் எனக்குச் சண்டை.

கிளாக் என்பது அந்தக் கைத்துப்பாக்கியின் பெயர். இங்கிலீஷ் சினிமா பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திராது. டெக்ஸாஸ் மாகாணத்தில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் ஓர் இளைஞர், என் கதைகளை விடாமல் படிக்கிறவர், "அண்ணா" என்று உரிமையோடு விளித்து எனக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். மனைவியையும் ஏழு வயது மகளையும் காப்பதற்காக ஒரு கிளாக் 19 வாங்கப்போகிறாராம். மூன்றாம் தலைமுறை மலிவு. ஐந்தாம் தலைமுறை உசத்தி. எதை வாங்கலாம்? என் நாவல் ஒன்றில் ஒரு துப்பாக்கி வருகிறதாகையால் எனக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்கிறார். கதையில் சமையற்காரன் வந்தால் எழுதினவனுக்குச் சாம்பார் வைக்கத் தெரியும் என்று அர்த்தமா? இருந்தாலும், அன்போடு கேட்டுவிட்டார். அவரைப் போல் கேட்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த யந்திரத்துக்குரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். காஸ்டன் கிளாக், வியன்னாவுக்கு அருகில் டாய்ச்-வாக்ராம் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்தவர். திரைச்சீலை மாட்டும் கம்பி செய்தார். ஆஸ்திரியச் சேனைக்குக் கத்தியும் சிறு மண்வெட்டியும் செய்து கொடுத்தார். துப்பாக்கி அவருடைய தொழிலே அல்ல. சேனை புதிய கைத்துப்பாக்கி தேடுகிறது என்று கேள்விப்பட்டு, ஐம்பது வயதை எட்டிய பிறகு இதில் இறங்கினார். சோதனைத் துப்பாக்கியை இடக் கையால்தான் சுடுவார் என்று ஒரு கதை உண்டு. வெடித்துக் கை போனாலும் படம் வரைய வலக் கை மிஞ்சுமல்லவா! 1982-இல் ஆஸ்திரியச் சேனை அவருடைய துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. உடம்பு பிளாஸ்டிக், உறுப்புகள் சுமார் முப்பத்துநாலு, தோட்டாக் கூட்டில் பதினேழு குண்டு. (அந்தக் கூட்டுக்கு இங்கிலீஷில் 'மாகஸின்' என்று பெயர். மாகஸின் என்றால் பத்திரிகை என்றே எண்ணிப் பிழைப்பு நடத்துகிற எனக்கு இது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது.) கீழே விழுந்தால் வெடிக்காது, சேற்றில் புரண்டாலும் நின்றுபோகாது. தொழில் தெரிந்தவன் செய்த பொருள் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை.

அமெரிக்காவுக்கு அது வந்தபோது, 'பிளாஸ்டிக் துப்பாக்கி. விமான நிலையச் சோதனையில் அகப்படாது' என்று பெருங்கூச்சல் எழுந்தது. உண்மையில் எடையில் பெரும்பகுதி எஃகுதான். ஆனால் காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் அல்லவா அது? 1986-இல் மியாமி நகரில் நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் மாண்ட பிறகு, ஆறு குண்டு ரிவால்வர் போதாது என்ற எண்ணம் அமெரிக்கப் போலீசாரிடையே வலுத்தது. கிளாக் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. போலீஸ்காரன் இடுப்பில் இருப்பது ஊரான் வீட்டு மேஜையறைக்கு வரவும் அதிக நாளாகவில்லை.

இனித் தலைமுறைகளுக்கு வருவோம். முதல் தலைமுறையின் பிடி ஏறக்குறைய வழவழப்பு. 1988-ஐ ஒட்டி வந்த இரண்டாவதில், கை வழுக்காதிருக்கச் சொரசொரப்பாகக் கட்டம் போட்டார்கள். மூன்றாவதில் விரல்கள் பதிவதற்குப் பள்ளம் வைத்தார்கள். முன்புறம் விளக்கு மாட்ட ஒரு தண்டவாளமும் வந்தது. நான்காவது 2010-இல் பிறந்தது. பிடியின் முதுகைக் கழற்றிக் கைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிங் ஒன்றுக்கு இரண்டாயிற்று. அந்த ஸ்பிரிங்கில் குறை கண்டு அடுத்த ஆண்டே மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று என்பது வேறு கதை. ஐந்தாவது 2017-இல். குழல் புதிது, பூச்சுப் புதிது, இடக்கைக்காரருக்கும் சௌகரியம், விரற்பள்ளத்தை எடுத்துவிட்டார்கள். பள்ளம் வைத்ததும் முன்னேற்றம். பள்ளத்தை எடுத்ததும் முன்னேற்றம்! நம் கடைவீதியில் புடவைக் கரை அகலமாவதும் குறுகுவதும் இதைவிட மோசமில்லை. முதல் மூன்றின்மேல் தலைமுறை எண் பொறிக்கப்படவில்லை. நான்காவதற்குத்தான் முதன்முதலில் முத்திரை குத்தினார்கள். கொள்ளுப் பேரன் பிறந்த பிறகு பாட்டன்மாருக்குப் பெயர் சூட்டிய விசித்திரக் குடும்பம் இது.

புதிய தலைமுறை எதற்காகப் பிறக்கிறது? ஓரளவு, பழையதில் குறை இருப்பதால். பெரும்பாலும், பழையது உழைத்துக்கொண்டே இருப்பதால். தேயாத பொருளைச் செய்தவன் அதை மறுபடி எப்படி விற்பான்? 1994-இல் அமெரிக்காவில் பத்துக் குண்டுக்கு மேல் கொள்ளும் புதிய கூடுகளைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. முன்பே செய்யப்பட்ட கூடுகளுக்குத் தடையில்லை. என்ன நடந்தது தெரியுமா? போலீஸ் இலாகாக்களுக்குப் புதுத் துப்பாக்கி கொடுத்து, அவர்களுடைய பழைய துப்பாக்கியையும் பெரிய கூடுகளையும் வாங்கி, அவை வெளிச்சந்தையில் ஏறிய விலைக்கு விற்கப்பட்டன. ஆயுதத்தைக் குறைக்க வந்த சட்டம் பழைய இரும்புக்குப் புதுக் கிராக்கியை உண்டாக்கிற்று. 2004-இல் அந்தச் சட்டமும் காலாவதியாயிற்று.

கலிபோர்னியாவின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே கைத்துப்பாக்கிகளுக்கு அரசாங்கப் பட்டியல் ஒன்று உண்டு. பட்டியலில் இல்லாததைக் கடைக்காரன் புதிதாக விற்க முடியாது. பட்டியலில் புதிதாக ஏறுவதற்கு, குழலுக்குள் குண்டு இருப்பதைக் காட்டும் அடையாளம், கூட்டைக் கழற்றினால் சுடாத அமைப்பு என்று ஒவ்வொன்றாக நிபந்தனைகள் கூடிக்கொண்டே போயின. கிளாக் அவற்றைச் செய்யவில்லை. ஆகவே நாலாவது, ஐந்தாவது தலைமுறைகள் வெளியே நிற்க, முன்பே பட்டியலில் ஏறிவிட்ட மூன்றாவதே பல ஆண்டுக் காலம் அங்கே புதிதாக விற்பனையாயிற்று. போலீசாருக்கு மட்டும் விதிவிலக்கு. அவர்கள் புதியதையே வாங்கலாம். 'மூன்றாவதுதான் அசல் கிளாக், பழைய பொன்' என்று சிலர் அடித்துச் சொல்வதைத் தம்பி தம் கடிதத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். கிடைத்ததைக் கொண்டாடுவதும் ஒருவகை ரசிகத்தனம்தான்.

இவ்வளவும் மாறிற்று. மாறாதது என்ன என்று கேட்க வேண்டாமா? தம்பியின் அட்டவணையில் பதினான்கு வரிசைகள் இருக்கின்றன. மாறாததற்கு ஒரு வரிசைகூட இல்லை.

கிளாக்கைப் பிரித்துத் துடைக்க வேண்டுமானால் முதலில் விசையை இழுத்தாக வேண்டும். உள்ளே ஒரு குண்டு தங்கியிருப்பதை மறந்தவன் சுவரையோ தன் உள்ளங்கையையோ துளைத்துக்கொள்வான். ஐந்து தலைமுறைக்கும் இது பொது. கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் பூட்டும் கடையில் விற்கும் சாதாரண உருப்படியில் கிடையாது; விசைமேல் இருக்கும் சிறு நாக்குத்தான் காவல், விரல் பட்டால் அதுவும் வழிவிட்டுவிடும். பயிற்சி பெற்ற சிப்பாயின் கைக்கு அது சௌகரியம். ஏழு வயதுக் குழந்தையின் விரலுக்கும் அதே சௌகரியம்தான்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் பெரியது. ஒரு நாணயத்தளவு துண்டை மாட்டினால் இந்தக் கைத்துப்பாக்கி இயந்திரத் துப்பாக்கியாகிவிடும். நிமிஷத்துக்கு 1,200 குண்டு வேகத்தில் பொழியும். இந்தத் துண்டு நேற்று முளைத்ததல்ல. 1998-இலேயே அமெரிக்காவில் பேட்டன்ட் பெற்றது. ஆஸ்திரியக் காவற்படைக்காகக் கம்பெனியே தானாகப் பொழியும் கிளாக் 18 என்ற ஒன்றையும் செய்திருக்கிறது. 2024 மார்ச்சில் சிகாகோ நகரம் கிளாக் கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தபோது, முந்தைய இரண்டு ஆண்டுகளில் மட்டும் இவ்வாறு மாற்றப்பட்ட கிளாக்குகள் 1,100-க்குமேல் தன் போலீசாரிடம் அகப்பட்டதாகச் சொல்லிற்று. 'துண்டைச் செய்கிறவன் நாங்களல்ல. குற்றவாளியைப் பிடியுங்கள்' என்பது பதில். கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கிறது. விரற்பள்ளத்தைப் பற்றி வாடிக்கைக்காரன் முணுமுணுத்தால் காதில் விழுகிறது. அதை எடுத்துவிட முடிகிறது. இது மட்டும் விழவில்லை. 2025 அக்டோபரில், இப்படி எளிதில் மாற்றக்கூடிய கைத்துப்பாக்கிகளைக் கடைகள் விற்பதை 2026 ஜூலை 1 முதல் தடுக்கும் சட்டத்தில் கலிபோர்னியா ஆளுநர் கையெழுத்திட்டார். அதே மாதம், தன் உருப்படிகளில் பலவற்றை நிறுத்திவிட்டு 'வி' என்ற எழுத்தோடு புது வரிசை கொண்டுவருவதாகக் கம்பெனியும் அறிவித்தது.

'கத்தியும் கொல்லும், காரும் கொல்லும்' என்பார்கள். கத்தி கறிகாய் நறுக்கும். கார் ஆபீசுக்குப் போகும். கிளாக் 19 வேறென்ன செய்யும்? 'திருடன் வந்தால்?' என்பார்கள். வரலாம், வந்தவனைத் துப்பாக்கி விரட்டியதும் உண்டு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால், தம்பி, ஒப்பிடுவது என்று இறங்கிவிட்டீர்கள்; முழுக்க ஒப்பிடுங்கள். மூன்றாம் தலைமுறைக்கு ஒரு பத்தி, ஐந்தாம் தலைமுறைக்கு ஒரு பத்தி போட்டிருக்கிறீர்கள். துப்பாக்கி இல்லாத வீட்டுக்கு ஒரு பத்தி எங்கே?

அந்தப் பத்தியை நிரப்புவது கஷ்டமில்லை. கலிபோர்னியாவிலேயே ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். மனைவியைக் காக்க என்று எழுதியிருக்கிறீர்கள். கைத்துப்பாக்கிச் சொந்தக்காரரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களைத் துப்பாக்கியில்லாத வீட்டாரோடு ஒப்பிட்டு 2022-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கொலையுண்டு இறப்பது முன்னவரிடையே இரண்டு மடங்கு. வாழ்க்கைத் துணையால் சுடப்பட்டு இறப்பது ஏழு மடங்குக்குமேல். அப்படி இறந்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் பெண்கள். வெளியேயிருந்து வந்த திருடன் இந்தக் கணக்கில் இல்லை.

'எங்கள் வீடு அப்படிப்பட்டதல்ல' என்பீர்கள். இருக்கட்டும், உங்களை நம்புகிறேன். உங்களையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2023-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் பாதிக்குமேல், ஏறத்தாழ 27,300 பேர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கொலையைப் பற்றி அவ்வளவு சினிமா எடுக்கிற நாட்டில் இந்தப் பெரும்பாதியைப் பற்றிப் பேச்சே காணோம். அட்டவணை போடுகிறவர்கள் எல்லோரும் எதிரே நிற்கும் மனிதனைக் குறிவைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

மனசு இருண்டுபோகும் இரவு யாருக்குத்தான் வராது? உத்தியோகம் போகிறது, உறவு முறிகிறது, தூர தேசத்தில் பேச ஆளில்லை. கதை எழுதுகிறவன் இந்த இரவுகளைக் கொஞ்சம் அறிவான். அவை விடிந்துவிடுகிற இரவுகள். சாக முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பாடு அவ்வழியில் சாவதில்லை என்பது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். இன்னொரு நினைப்பு நினைக்க அவகாசம் கிடைத்தால் போதும். துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அது பழுதின்றி வேலை செய்யும் என்பதுதானே தம்பியின் அட்டவணையில் முதல் வரிசை?

'சாகத் துணிந்தவன் வேறு வழி தேடிக்கொள்வான்' என்று சொல்லாதீர்கள். அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2004 முதல் 2016 வரை, கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்கியிராத 2 கோடியே 63 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2020-இல் முடிவு வெளியாயிற்று. அவர்களில் 6,76,425 பேர் அந்தக் காலத்தில் துப்பாக்கி வாங்கினார்கள். வாங்காத ஆண்களைவிட வாங்கிய ஆண்கள் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தது ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களில் முப்பத்தைந்து மடங்கு. துப்பாக்கியல்லாத வேறு வழிகளில் உயிரை மாய்த்துக்கொண்டதில் வாங்கியவர்கள் மற்றவர்களை மிஞ்சவில்லை. சாகவென்றே வாங்கியவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். வாங்கிய உடனே அபாயம் உச்சத்திலிருந்ததாக அந்த ஆராய்ச்சியே சொல்கிறது. ஆனால் வாங்கியவர்களிடையே நேர்ந்த இத்தகைய சாவுகளில் நூற்றுக்கு 52, துப்பாக்கி வீட்டுக்கு வந்து ஓராண்டுக்குமேல் ஆன பிறகு நேர்ந்தவை.