வேலையை விட்டால் உழைத்த கூலியும் போகுமா?

களத்தில் நெல்லை அடித்துக் குவித்தான பிறகு, "நாளை முதல் நீ வேறொருவர் வயலுக்குப் போகிறாயாம், ஆகவே இன்றைய கூலி கிடையாது" என்று ஒரு மிராசுதார் சொன்னால் விவசாயத் தொழிலாளி பொறுத்துக்கொள்வாரா? நெய்து இறக்கிய துணிக்குப் பீஸ் ரேட் கேட்கும்போது, "துணி விலைபோன அன்று நீ மில்லில் இல்லையே" என்று முதலாளி கைவிரித்தால் மில் தொழிலாளி ஒப்புக்கொள்வாரா? ஒருக்காலும் மாட்டார். ஆனால் இதே அநியாயம் விற்பனைத் தொழிலில் சட்டை மாட்டிக்கொண்டு, டை கட்டிக்கொண்டு நடமாடுகிறது.

டாக்டர் வீட்டு வாசலில் பையோடு காத்து நிற்கும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, ஷோரூமில் மோட்டார் சைக்கிள் விற்கும் வாலிபர், சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிப்பவர் - இவர்கள் யார்? நம் வீடுகளில் பிறந்து, நம் கூலிக் காசில் படித்த பிள்ளைகள் இவர்களில் ஏராளம். இவர்களுக்குச் சம்பளம் ஒரு பங்கு, கமிஷன் ஒரு பங்கு. சம்பளத்தைக் குறைத்து வைத்து, கமிஷனைக் காட்டி ஓட ஓட வேலை வாங்குவதே கம்பெனிகளின் வழக்கம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஜனவரியில் ஒருவர் 4 லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் பிடிக்கிறார். நூற்றுக்கு 2 வீதம் கமிஷன் 8,000 ரூபாய். பிப்ரவரியில் சரக்குப் போகிறது. மார்ச்சில் கடைக்காரர் பணம் கட்டுகிறார். ஆனால் நம் ஆள் பிப்ரவரி கடைசியில் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து ராஜினாமாச் செய்துவிட்டார். கம்பெனி என்ன சொல்கிறது? "கமிஷன் பட்டுவாடா நாளில் பெயர்ப் பட்டியலில் இருப்பவருக்கே கமிஷன். ஷரத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டாயே!" பணம் கம்பெனிப் பெட்டிக்குள் வந்துவிட்டது, சரக்கு திரும்பி வரவில்லை, அவர் கொண்டுவந்த கடைக்காரர் இன்றும் வாடிக்கைக்காரர். 8,000 ரூபாய் மட்டும் மாயமாகிவிட்டது!

இது போதாதென்று வேறு தந்திரங்களும் உண்டு. நோட்டீஸ் காலத்தில் நாலு நாள் குறைந்தது என்று கமிஷனில் கழிப்பார்கள். வருஷ இலக்கு முடியவில்லை என்பார்கள். "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால்தான் அனுபவச் சான்றிதழ் என்பார்கள். அடுத்த வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். ஆகவே வயிறெரிந்து கையெழுத்துப் போடுகிறார்கள்.

கமிஷன் என்பது தர்மமா? தீபாவளி இனாமா? இல்லை. வேலை செய்து முடித்ததற்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிய கூலி அது. சரக்கு திரும்பி வந்தாலோ, கடைக்காரர் பணம் கட்டாமல் ஏமாற்றினாலோ, அதற்குக் கமிஷன் கேட்க நாம் வரவில்லை. வந்து சேர்ந்த பணத்துக்குரிய பங்கைத்தான் கேட்கிறோம்.

இந்த நியாயம் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே இதை ஒரு துறையில் ஏற்றுக்கொண்டது. 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 44-வது பிரிவு, குறிப்பிட்ட காலம் உழைத்த ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு, ஏஜென்ஸி முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் புதுப்பிப்புக் கமிஷனை மறுக்கக்கூடாது என்றது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலும் செல்லாது. மோசடி செய்தவர் மட்டுமே விலக்கு. உழைத்துக் கொண்டுவந்த வியாபாரத்தின் பலன், உழைத்தவர் வெளியேறினாலும் அவரைச் சேரும் என்பதுதானே இதன் பொருள்?

விற்பனைப் பிரதிநிதிகள் இந்த இடத்துக்கு வர வெகுகாலம் பிடித்தது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி சட்டப்படி "தொழிலாளி" அல்ல என்று 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது 1976-இல். பிறகு 1982-இல் தொழில் தகராறுச் சட்டத்தைத் திருத்தியபோது, விற்பனையைப் பெருக்குவதற்காகத் தரவேண்டிய கமிஷனும் "சம்பளம்" என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று தெளிவாகவே எழுதினார்கள்.

இன்று நிலைமை என்ன? 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தது. ராஜினாமாச் செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று அதன் 17-வது பிரிவு சொல்கிறது. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலாளி நீக்கியவருக்கு மட்டுமே இருந்த இரண்டு நாள் கெடு இப்போது விலகியவருக்கும் உண்டு. நல்லதுதான். ஆனால் வலது கையால் கொடுத்ததை இடது கையால் பறித்திருக்கிறார்கள். "ஊதியம்" எது என்று விளக்கும் இடத்தில், ஊழியருக்குத் தரவேண்டிய கமிஷனை வெளியே தள்ளிவிட்டார்கள். கமிஷனும் அதுபோல் விலக்கிய மற்றத் தொகைகளும் சேர்ந்து மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய அளவு மட்டுமே ஊதியமாம்!

சம்பளம் 15,000, கமிஷன் 9,000 வாங்குபவருக்கு மொத்தம் 24,000, பாதி 12,000. கமிஷன் அதைத் தாண்டவில்லை. ஆகவே 9,000-இல் ஒரு காசும் ஊதியம் அல்ல. சம்பளம் 12,000, கமிஷன் 18,000 என்றால், பாதியான 15,000-ஐத் தாண்டும் 3,000 மட்டுமே ஊதியம். மிச்சம் 15,000-க்கு இரண்டு நாள் கெடு கிடையாது. 1982-இல் கிடைத்ததை இப்படிப் பறித்திருக்கிறார்கள்.

இதனால் பாக்கி செத்துவிட்டதாக யாரும் மயங்க வேண்டாம். ஊதியம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் அது கம்பெனி பட்ட கடன். கடனை வசூலிக்க மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். தொழிலாளி என்ற வரையறைக்குள் வரும் விற்பனைப் பிரதிநிதி, வரவேண்டிய தொகையைக் கணக்கிட்டுத் தரும்படி தொழில் டிரிபியூனலுக்குப் போகவும் வழி இருக்கிறது. சம பலம் இல்லாத இருவரில் பலவான் திணித்த அநியாய ஷரத்து செல்லாது என்று 1986-இல் சுப்ரீம் கோர்ட்டு ஓர் அரசாங்க நீர்வழிப் போக்குவரத்துக் கம்பெனி வழக்கில் கூறியதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் கையில் காகிதம் வேண்டும். ராஜினாமாக் கொடுப்பதற்கு முன்பே, நியமன உத்தரவு, கமிஷன் விகிதக் கடிதம், ஆர்டர் நகல்கள், மாதக் கணக்கு ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். கம்பெனியின் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் கதவு சாத்திய அன்றே கணக்கும் போய்விடும். எந்த ஆர்டருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். "பாக்கி இல்லை" என்ற காகிதத்தை நீட்டினால், "கமிஷன் பாக்கி நீங்கலாக" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திட வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, சங்கத்தில் சேர வேண்டும். தனியாள் 8,000 ரூபாய்க்கு வக்கீல் வைக்க முடியாது என்பது கம்பெனிக்குத் தெரியும். ஐம்பது பேருடைய பாக்கியைச் சங்கம் ஒரே மனுவாக நீட்டும்போது அதே கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வரும்.

நமது கோரிக்கை இதுதான்: ஊதியம் என்பதற்குள் கமிஷனை மீண்டும் சேர்! விலகிய நாள் வரை பிடித்த ஆர்டருக்கு, பணம் வந்தவுடன் கமிஷன் கொடு! "பட்டியலில் இருந்தால்தான்" என்னும் ஷரத்தைச் செல்லாததாக்கு!

இது டை கட்டியவர்கள் விவகாரம் என்று மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒதுங்கக்கூடாது. செய்து முடித்த வேலைக்குக் கூலி இல்லை என்று ஓரிடத்தில் ஒப்புக்கொண்டால், அந்த வழக்கம் நாளை களத்துமேட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் வந்து சேரும். வேலையை விடுவது தொழிலாளியின் உரிமை. அந்த உரிமைக்கு அபராதம் விதிக்க எந்த முதலாளிக்கும் அதிகாரம் கிடையாது.