சான்டா ஏன் ரகசியமாகக் கொடுத்தார்?

ஆபீஸில் ‘சீக்ரெட் சான்டா’ சீட்டு குலுக்கியாச்சா? 500 ரூபாய்க்குள் ஒரு காபி மக், ஒரு செல்ஃபி, முடிஞ்சது. அந்த ‘சீக்ரெட்’டுக்குப் பின்னால் இருக்கும் கதை இவ்வளவு ஜாலியானது இல்லை.

சான்டாவின் மூலம் புனித நிக்கோலஸ். 4-ம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரின் ஆயர். அவரைப் பற்றிய மரபுக் கதை இது: சொத்தை இழந்த ஒருவருக்கு மூன்று மகள்கள். வரதட்சணைக்குப் பணமில்லை (ஆமாம், அங்கேயும்தான்!). அவர்களைப் பாலியல் தொழிலுக்கு அனுப்பவே அப்பா துணிந்துவிட்டார். நிக்கோலஸ் இரவில் வந்து ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பை வீசுகிறார். ஒரு மகளுக்கு ஒன்று என மூன்று முறை. கடைசி முறை அப்பா துரத்திப் பிடித்துவிட, “யாரிடமும் சொல்லாதே” என்கிறார். முடிப்பு காயப்போட்ட சாக்ஸுக்குள் விழுந்தது என்பதெல்லாம் பிற்காலச் சேர்க்கை.

‘நல்ல பிள்ளைக்குத்தான் கிஃப்ட்’ என்று இப்போது சொல்கிறோமே, அது இந்தக் கதைக்கு நேர் எதிர். அந்த அப்பா நல்லவரா என்று நிக்கோலஸ் பார்க்கவே இல்லை. அந்த வீட்டுக்குப் பணம் தேவை, அவ்வளவுதான்.

ஹவுஸ்கீப்பிங் அக்கா பெயரை நாம் சீட்டில் சேர்ப்பதில்லை, அவரும் 500 ரூபாய் போட வேண்டியிருக்குமே என்று. இந்த முறை மக் வாங்கும் காசைச் சேர்த்து, பெயர் எழுதாத கவரில் அவருக்குக் கொடுக்கலாமே. செல்ஃபி வேண்டாம்.