கம்ப்யூட்டர் திணறினால் கடன் வாங்கலாமா?

போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் பாதி வேலையில் நின்றுவிடுகிறது. திரையில் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ஹேங் ஆயிடுச்சு" என்று கடைக்காரர் கையைப் பிசைகிறார்.

உடனே பக்கத்தில் இருப்பவர் யோசனை சொல்கிறார்: "இது பழசு. தள்ளிவிட்டுப் புதுசு வாங்கு!"

இந்த யோசனை அவசர யோசனை. பல சமயங்களில் கம்ப்யூட்டர் மீது குற்றமே இல்லை. வேலை செய்யும் முறையில்தான் குற்றம். முறையை மாற்றாமல் புதிது வாங்கினால், அதுவும் ஒரு நாள் திணறும். கடன் மட்டும் மிஞ்சும்.

காத்திருப்பவர் யார்?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ந் தேதி தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன் கலெக்டர் ஆபீசுக்கு விழுப்புரம் போக வேண்டும். இப்போது கல்வராயன் மலை மக்கள் கள்ளக்குறிச்சிக்கே வருகிறார்கள். வெள்ளிமலையில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருகிறார்கள்.

மனுவுக்குப் போட்டோ வேண்டும். ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால், ஆபீஸ் நேரம் முடிந்துவிடும். மலைக்குப் போகும் பஸ்சும் போய்விடும். அன்றைய கூலி போயிற்று. மறுநாளும் வர வேண்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. வீட்டுப் பெரியவர் காலமாகிவிடுகிறார். அவருக்கென்று தனிப் படம் இராது. எப்போதோ ஒரு கல்யாணத்தில் பத்துப் பேரோடு நின்று எடுத்த படம் ஒன்று இருக்கும். அதிலிருந்து அவர் முகத்தைப் பிரித்து, கறை நீக்கி, பெரிதாக்கித் தர வேண்டும். காரியத்துக்கு முன் சுவரில் மாட்டி மாலை போட வேண்டும். இரண்டு மணி நேர வேலை, சேமிக்காத நிலையில் அழிந்துபோனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே இது கடைக்காரர் ஒருவரின் தலைவலி மட்டும் அல்ல.

பட்டறையில் ஒரு பாடம்

கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது? கள்ளக்குறிச்சி மரச்சிற்பப் பட்டறையைப் பார்த்தால் விளங்கிவிடும். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது.

சிற்பிக்கு எதிரே வேலைப் பலகை. பின்னால் மரக்கிடங்கு. உளியும் கொட்டாப்புளியும் கட்டையும் பலகை மேல் இருந்தால் வேலை ஓடும். பலகையில் இடம் இல்லாவிட்டால்? ஒன்றைக் கிடங்கில் வைத்துவிட்டு வந்து இன்னொன்றை எடுக்க வேண்டும். நாள் முழுவதும் நடைதான் மிச்சம்.

கம்ப்யூட்டரில் வேலைப் பலகைக்கு 'ராம்' என்று பெயர். கிடங்குக்கு 'டிஸ்க்' என்று பெயர். ராமில் இடம் தீர்ந்தால் போட்டோஷாப் டிஸ்க்கில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்கிறது. அதை 'ஸ்கிராட்ச் டிஸ்க்' என்பார்கள். டிஸ்க், ராமைவிட மிகவும் மெதுவானது. அதனால்தான் வட்டம் சுற்றுகிறது. அந்த மூலையும் நிரம்பிவிட்டால் போட்டோஷாப் மேலே வேலை செய்ய மறுத்துவிடும்.

அப்பளக் கணக்கு

"படம் 10 எம்.பி.தானே! இதற்கா திணறுகிறது?" என்று கேட்பவர் உண்டு.

கார்டில் இருக்கும் படம் சுருட்டி வைத்த படம். திறந்ததும் எண்ணெயில் போட்ட அப்பளம்போல் விரிந்துவிடும். 24 மெகாபிக்சல் படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஆக, ராமில் 72 எம்.பி. இடம் வேண்டும்.

பாஸ்போர்ட் படம் 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 1 எம்.பி.கூட ஆகாது. ஆனால் 12 அங்குலத்துக்கு 36 அங்குலம் உள்ள கல்யாண ஆல்பம் தாள் ஒன்றுக்குச் சுமார் 117 எம்.பி. வேண்டும். பாஸ்போர்ட் படத்தைப்போல் ஏறத்தாழ 177 மடங்கு!

அதோடு முடியவில்லை. பூ ஒரு லேயர், பின்னணி ஒரு லேயர், மணமக்கள் ஒரு லேயர் என்று அடுக்குகிறார்கள். தாள் அளவுக்கு 20 லேயர் முழுதாக நிரம்பினால் 2,300 எம்.பி.க்கு மேல் ஆகிவிடும். 8 ஜி.பி. ராமில் விண்டோஸுக்கும் பங்கு வேண்டும். கூடவே பாட்டு, வாட்ஸ்ஆப், இன்டர்நெட் பக்கங்கள். பலகை தாங்குமா?

நோய் அறிந்து மருந்து

காய்ச்சலா, பசியா என்று பார்க்காமல் ஊசி போடக் கூடாது. போட்டோஷாப்பில் படத்தின் அடியில் 'எபிஷியன்சி' என்ற கணக்கைக் காட்டச் செய்யலாம். அது 100 என்று இருந்தால் ராம் போதும். கோளாறு வேறு இடத்தில். 100-க்குக் கீழே இறங்கினால் வேலை டிஸ்க்குக்குப் போகிறது, இடம்தான் பற்றவில்லை.

இடம் பற்றாவிட்டால் முதலில் காசில்லாத வைத்தியம். வேண்டாத மற்ற புரோகிராம்களை மூட வேண்டும். ஒரே சமயத்தில் பத்துப் படம் திறக்கக் கூடாது. பாஸ்போர்ட் படம் என்றால் தேவையான அளவுக்கு முதலில் வெட்டிக்கொண்டு, பிறகு வேலை செய்யலாம். முடிந்த லேயர்களை ஒன்று சேர்க்கலாம். அதற்கு முன் லேயர்களோடு ஒரு பிரதி சேமித்துக்கொள்வது அவசியம்.

போட்டோஷாப் செய்த வேலையைத் திரும்ப அழிக்க வசதியாக, வழக்கமாக 50 படிகளை நினைவில் வைத்திருக்கும். அதை 20 ஆகக் குறைத்தால் இடம் மிச்சமாகும். ராமில் வழக்கமாக 70 சதவீதம் போட்டோஷாப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். பேராசைப்பட்டு அதை 100 ஆக்கினால் விண்டோஸ் மூச்சுத் திணறும். வேலை இன்னும் மெதுவாகும்.

அடுத்து 'சி டிரைவ்'. மூன்று வருஷக் கல்யாணங்கள் அதிலேயே குவிந்து கிடந்தால் ஸ்கிராட்ச் டிஸ்க்குக்கு ஏது இடம்? பழையவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். முக்கியமானவற்றுக்கு இரண்டு பிரதி வேண்டும். கம்ப்யூட்டருக்குள் வேகமான டிஸ்க் இன்னொன்று இருந்தால் ஸ்கிராட்ச் வேலையை அதற்கு மாற்றலாம்.

எண் 100 ஆகவே இருந்தும் திணறினால்? கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்கள் இருக்கலாம். போட்டோஷாப் திறக்கவே நேரம் ஆகும். வேண்டாதவற்றை நீக்கலாம். பெட்டிக்குள் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் இது நடக்கும். திருட்டுப் பிரதி போட்டவர்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. கூடவே வைரஸ் வந்து ராமைத் தின்னலாம்.

எப்போது செலவு செய்யலாம்?

இவ்வளவும் செய்த பிறகும் எண் இறங்கினால் செலவு நியாயம். அப்போதும் முழுக் கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன், ராம் கூட்டிப் போட முடியுமா, எஸ்.எஸ்.டி. மாட்ட முடியுமா என்று கேட்க வேண்டும். இன்றைய போட்டோஷாப்புக்கு அடோபி நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு 8 ஜி.பி.; நல்லது 16 ஜி.பி. பழைய 32 பிட் விண்டோஸாக இருந்தால், ராமை எவ்வளவு கூட்டினாலும் சாதாரணமாக 4 ஜி.பி.க்கு மேல் பயன்படாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் காசு கொடுத்து ஏமாறக் கூடாது.

"இதையெல்லாம் பார்க்க நேரம் ஏது?" என்று கடைக்காரர்கள் கேட்கலாம். முகூர்த்த மாதத்தில் நேரம் இராது, உண்மை. ஆனால் ஆடியும் மார்கழியும் எதற்கு இருக்கின்றன? அப்போது ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

தொழில் கற்க வரும் பையனுக்குப் படத்தில் முகத்தை வெளுப்பாக்கக் கற்றுத் தருகிறார்கள். கம்ப்யூட்டரைப் பேணக் கற்றுத் தருவதில்லை. சிற்பி அப்படியா செய்கிறார்? செதுக்கக் கற்றுத் தருமுன் உளி தீட்டக் கற்றுத் தருகிறார்! கம்ப்யூட்டர் விற்பவருக்கும் இந்தக் கடமை உண்டு. பெட்டியைக் கொடுத்துக் காசு வாங்கியதோடு நிற்காமல், அரை மணி நேரம் உட்கார்ந்து இவற்றைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

அந்தப் பையன் முதலில் பழக வேண்டியது ஒன்று: கன்ட்ரோலையும் 'எஸ்' எழுத்தையும் சேர்த்து அழுத்திச் சேமிப்பது. அதற்கு ஒரு நொடி ஆகும். மலையிலிருந்து வந்தவர் மாலை பஸ்சைப் பிடிப்பதும் விடுவதும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது.