மினுக்கும் கணினித்திரையை மூலையில் போடலாமா?



முற்றாகக் கெட்டுப்போன கணினித்திரையால் பள்ளிக்குக் குழப்பமில்லை. விட்டுவிட்டு அணையும் திரைதான் சிக்கல். காலையில் மினுக்கும், பழுதுபார்ப்பவர் வந்து நிற்கும்போது நன்றாக எரியும். அம்பாங் பெச்சா போன்ற ஊர்களுக்கும் தோட்டப்புறங்களுக்கும் அவர் மறுமுறை வருவது எளிதன்று. ஆகவே, “இது சரிவராது” என்று திரை மூலைக்குச் செல்கிறது. ஒரு கணினியை மூன்று பிள்ளைகள் பகிர்கின்றனர்; பெற்றோர் ஆசிரியர் சங்கம் புதிய திரைக்கு நிதி திரட்டுகிறது.

இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே என் கருத்து. விட்டுவிட்டு வரும் பழுதும் காரணமின்றி வருவதில்லை. உற்று நோக்கினால் அதுவே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

1. திரை அணையும்போது அதன் சிறு விளக்கும் அணைகிறதா? அணைந்தால் மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டோ நிறம் மாறியோ இருந்தால், பெரும்பாலும் கணினியிலிருந்து படம் வந்து சேரவில்லை என்று பொருள்.

2. நிறம் மாறுகிறதா? 15 முனை கொண்ட விஜிஏ வடத்தில் சிவப்புக்குரிய இணைப்பு விட்டுப்போனால் திரை நீலப்பச்சையாகும். நீலம் விட்டுப்போனால் மஞ்சளாகும். வடத்தின் இரு திருகுகளையும் இறுக்கினாலே பல வேளைகளில் தீரும்.

3. படம் தோன்றி இரண்டொரு நொடியில் இருள்கிறதா? கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால், பழுது திரையின் பின்னொளியில் உள்ளது.

4. தொடக்கத்தில் மினுக்கி, சூடேறியபின் நிலைக்கிறதா? உள்ளிருக்கும் மின்தேக்கிகள் தளர்ந்திருக்கலாம். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தரங்குறைந்த மின்தேக்கிகள் உலகெங்கும் கணினிகளைக் கெடுத்தன. அவ்வகைப் பழுதுகளுக்காக டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்கியது. வெப்பம் 10 பாகை கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். காற்றோட்டமில்லாத கணினி அறைகளை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கடைசி இரண்டும் பழுதுபார்ப்பவரின் வேலை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்னழுத்தம் தங்கியிருக்கும். பழைய குழாய்த் திரைகளில் அது உயிருக்கே ஆபத்தானது. பின்மூடியை நாம் திறக்கவே கூடாது.

முதலிரண்டைச் சோதிக்க ஒரே விதி போதும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மின்சாரத்தை அடைத்துவிட்டு வடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்; அடுத்து, அதே வடத்தோடு வேறு திரை. உற்றறிதல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று அறிவியல் பாடத்தில் நாம் கற்பிப்பது இதைத்தானே? தேர்வுத்தாளில் மாறிகளை அடையாளங்காணும் மாணவர், பக்கத்து அறையில் மினுக்கும் திரைமுன் செய்வதறியாது நின்றால், அக்கல்வி முழுமையானதா?

கணினி அறையில் ஒரு குறிப்பேட்டை வையுங்கள். மணி, விளக்கின் நிறம், திரையின் நிறம், எதைத் தொட்டபோது அணைந்தது என்பவற்றை ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதட்டும். பழுதுபார்ப்பவர் வரும் நாளில் திரை நன்றாக எரிந்தாலும் அக்குறிப்பு பேசும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதிய திரைக்கு நிதி திரட்டும் முன், ஒரு மாற்று வடம் வாங்கிக் கொடுங்கள். உண்மையிலேயே கெட்ட திரையையும் குப்பையில் எறிய இயலாது. 2005ஆம் ஆண்டு விதிகளின்படி மின்னணுக் கழிவு நம் நாட்டில் அட்டவணையிடப்பட்ட கழிவாகும்.

மூலையில் கிடக்கும் திரைகளை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அவற்றுள் ஒன்று எரிந்தாலும் ஒரு பிள்ளைக்குத் தனிக் கணினி கிடைக்கும்.