முன்னோர் இல்லாத மூப்பு

மூப்பின் வெளி அடையாளங்களுக்குத் தமிழில் இரண்டு தனிச் சொற்கள் உள்ளன: தலைமயிர் வெளுப்பது நரை, தோல் சுருங்கி மடிவது திரை. நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் வழக்கில் அடையாளங்கள் முன்னே வர வயது பின்னே வருகிறது. வயதை உணர்வதற்கு முன்பே அது உடலில் தெரிந்துவிடும் என்பதை அந்தச் சொல் வரிசையே சொல்லிவிடுகிறது. கம்பன் காட்டும் தசரதனுக்கும் காதோரத்தில் ஒரு நரைமயிர் தோன்றி, ஆட்சியை மகனிடம் ஒப்படைக்கும் காலம் வந்ததென்று அறிவுறுத்துகிறது.

ஒஸ்லோவில் வாழும் ஈழத்தமிழரின் முதல் தலைமுறைக்கு இந்த அடையாளங்கள் இப்போது ஒருசேர வந்துகொண்டிருக்கின்றன. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்கு வந்ததிலிருந்து இந்நாட்டில் தமிழர் வரலாறு தொடங்குகிறது என்றாலும், பெருந்தொகையானோர் 1980களிலும் 1990களிலும், முதலில் தங்கிப் படிக்கும் பள்ளிகளின் மாணவராகவும் பின்னர் போருக்குத் தப்பியோராகவும் வந்தவர்கள். வடகோடி மீன் தொழிற்சாலைகளில் உழைத்துப் பின்னர் தலைநகருக்கு இறங்கி வந்தவர்களும் அவர்களுள் பலர். இருபதுகளில் விமானம் ஏறிய அவர்கள் இன்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருக்கிறார்கள். ஒரு முகம் எப்படி முதிரும் என்பதை மனிதர் தம் தாயின் முகத்தைப் பார்த்தே அறிகின்றனர். ஆனால் அந்தத் தாய்மார் முதிர்ந்தது 10 பாகை அகலக்கோட்டை ஒட்டிய யாழ்ப்பாணத்தின் ஈரவெப்பத்தில், பிள்ளைகள் முதிர்வதோ 60 பாகையை ஒட்டிய பனிநாட்டில். இந்தக் குளிரில் முதிர்ந்த முன்னோர் ஒருவரும் அவர்களுக்கு இல்லை என்பதால்தான், வருகின்ற ஒவ்வொரு மாற்றமும் ‘திடீர்’ என்று தோன்றி அச்சமூட்டுகிறது.

அந்தத் ‘திடீர்’ என்பதில் ஒரு பகுதி ஒளியின் வேலை. மார்கழியில் ஒஸ்லோவின் பகல் ஆறு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அப்போது நண்பகல் சூரியனே அடிவானிலிருந்து ஏறத்தாழ 7 பாகைக்கு மேல் எழுவதில்லை. கார்த்திகை முதல் மாசி வரை விளக்கொளியில் மட்டுமே பார்த்துப் பழகிய முகத்தின்மீது, பங்குனியில் சாளரத்தின் வழியே தாழ்ந்த சூரியன் பக்கவாட்டில் விழும்போது, ஒவ்வொரு சுருக்கமும் தனக்கென ஒரு நிழலைப் போட்டுக்கொள்கிறது. தைப்பொங்கலன்று கண்ணாடியில் இல்லாத கோடு இப்போது எங்கிருந்து வந்தது என்று மனம் பதறுகிறது. இன்னொரு பகுதி சமூகத்தின் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை அம்மெருட் சிவசுப்பிரமணியர் ஆலயத் திருவிழாவில் சந்திப்போர், “என்ன, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு, சுகமில்லையோ?” என்று அக்கறையோடுதான் கேட்கிறார்கள், ஆனால் ஓராண்டு முழுவதும் மெல்ல நடந்ததை ஒரே நொடியில் நடந்ததாக அந்தக் கேள்வி மாற்றிவிடுகிறது.

எனினும் எல்லாமே தோற்றமயக்கம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 25 முதல் 75 வயது வரையிலான 108 பேரின் குருதி முதலியவற்றில் உள்ள மூலக்கூறுகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, உடலின் மாற்றங்கள் சீரான வேகத்தில் நடப்பதில்லை என்றும், 44 வயதை ஒட்டியும் 60 வயதை ஒட்டியும் இரண்டு அலைகளாகக் குவிகின்றன என்றும், தோலோடு தொடர்புடைய மூலக்கூறுகள் அவ்விரு அலைகளிலும் மாறுகின்றன என்றும் கண்டது. திரை என்ற தமிழ்ச் சொல்லுக்கு அலை என்றும் ஒரு பொருள் இருப்பது இங்கே நினைக்கத்தக்கது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலமும் இவ்வாறான ஒரு படியே. தோலை உள்ளிருந்து தாங்கும் நார்ப்புரதமான கொலாஜன், அதன்பின் வரும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. ஐம்பதைக் கடந்த ஒரு பெண் “போன வருசம் இருந்த முகம் இப்ப இல்லை” என்று சொல்லும்போது, வீட்டார் அதை மனப்பிரமை என்று தள்ளுவது தவறு.

ஒஸ்லோவுக்கே உரிய காரணம் காற்றில் இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே 10 பாகைக் குளிரில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 2.4 கிராம் அளவு நீராவியையே தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 பாகைக்குச் சூடாகும்போது, 18 கிராம் தாங்கவல்ல இடத்தில் அந்த 2.4 கிராம் மட்டுமே இருப்பதால், ஈரப்பதன் 13 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்துக் காற்று தோலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நீரை, ஒஸ்லோவின் குளிர்கால வரவேற்பறை தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வயதோடு எண்ணெய்ச் சுரப்பு குறையும் தோலின் மேற்படலம் இவ்வாறு வறளும்போது, கணுக்காலின் முன்புறம் செதிள் பூத்து, புறங்கை சாம்பல் பூசியது போலாகி, கண்ணோரத்தில் மெல்லிய கோடுகள் விழுகின்றன. இவை மூப்பின் கோடுகள் போலத் தோன்றினாலும், பெரும்பாலும் வறட்சியின் கோடுகளே. ஈரம் திரும்பினால் அவையும் தணியும்.

இந்த வேறுபாட்டை ஒஸ்லோவின் தமிழ்ச் சமையலறையில் ஒரு பொருளே நாள்தோறும் காட்டிக்கொண்டிருக்கிறது. சாளரத்தோரம் வைத்த தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஐப்பசி பிறந்ததும் மெழுகு போல வெண்மையாக இறுகிவிடுகிறது. 24 பாகையை ஒட்டி உருகும் அந்த எண்ணெயைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுக்கவோ, சுடுநீர்க் கிண்ணத்தில் போத்தலை நிறுத்தி வைக்கவோ வேண்டியிருக்கிறது. எண்ணெயின் குணம் மாறவில்லை, அது இருக்கும் இடம் மாறியிருக்கிறது. வறண்ட தோலுக்கு அது இன்றும் உதவும் என்பதற்குச் சான்று உண்டு. பிலிப்பீன்சில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான சிறு ஆய்வொன்று, மருத்துவத்தில் வழங்கும் கனிம எண்ணெய்க்கு அது இணையாக வேலை செய்வதைக் கண்டது. ஆனால் பூசும் முறை மாறவேண்டும். குளிருக்கு இதமென்று நெடுநேரம் கொதிநீரில் நிற்பது, தோலில் எஞ்சியிருக்கும் எண்ணெயையும் கழுவிவிடுகிறது; வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, சவர்க்காரத்தை அக்குள் முதலிய இடங்களோடு நிறுத்திக்கொண்டு, துவட்டிய ஈரம் காயுமுன் எண்ணெயையோ, ‘அபோத்தேக்’ எனப்படும் மருந்துக்கடையில் கிடைக்கும் யூரியா அல்லது கிளிசரின் கலந்த களிம்பையோ பூசுவதே இந்நாட்டுக் குளிர்காலத்துக்கு ஏற்றது.

கறுப்புத் தோலின் கதை இன்னொரு வகையில் வேறுபடுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமி புற ஊதாக்கதிரைப் பெருமளவு தடுப்பதால், வெள்ளையருக்கு முப்பதுகளிலேயே விழத் தொடங்கும் சுருக்கங்கள் தென்னாசியருக்குப் பல ஆண்டுகள் பிந்தியே வருகின்றன. அவர்களிடம் மூப்பு முதலில் நிறச் சீரின்மையாக, அதாவது கன்னத்தில் மங்கு, கண்ணைச் சுற்றிக் கருமை, நெற்றியோரத்தில் திட்டுகள் என்று வெளிப்படுகிறது. உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் பனிமலைக்குப் போய் முகம் சிவக்க வெயில் காய்ந்து திரும்புவது நோர்வேஜியருக்கு ஒரு பெருமை. பிள்ளைகளோடு தமிழ்ப் பெற்றோரும் இப்போது அங்கே போகிறார்கள். புதுப்பனி தன்மீது விழும் புற ஊதாக்கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புவதால், அந்த மலையில் வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கிறது. கறுப்புத் தோலுக்கு வெயில் தடுப்புக் களிம்பு வேண்டாம் என்ற பேச்சு மங்கும் திட்டும் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. இரும்பு ஒக்சைட்டு கலந்த நிறமுள்ள களிம்புகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் அவர்களுக்கு அவையே கூடுதல் பயன் தரும்.

ஆனால் அதே மெலனின் குளிர்காலத்தில் வேறொரு கணக்கைக் கேட்கிறது. எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய விட்டமின் டி, புற ஊதாக்கதிரின் ஒரு பகுதி தோலில் படும்போது உருவாவது. ஒஸ்லோவில் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை அந்தக் கதிர் போதிய அளவு தரைக்கு வருவதே இல்லை, கோடையில் வரும்போதும் கறுப்புத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிட நெடுநேரம் தேவைப்படுகிறது. துருக்கி, இலங்கை, ஈரான், பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளில் பிறந்து ஒஸ்லோவில் வாழ்வோரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு, அவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இந்த விட்டமின் குறைபாடு இருப்பதைக் கண்டது; கொழுப்புள்ள மீனும் மீனெண்ணெயும் உட்கொண்டோரின் நிலை மேலாக இருந்தது. இந்தக் குறைபாடு தோலில் சுருக்கம் போடுவதில்லை. ஆனால் காரணம் தெரியாத உடல்நோவு, படியேறத் தளரும் தொடை, நாள் முழுதும் சோர்வு என்று அது வரும்போது, கண்ணாடியில் கண்ட நரையோடு சேர்த்து “வயசு போச்சு” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள் என்பதே கவலைக்குரியது.

இதற்கான விடையை நோர்வே மக்கள் தங்கள் மாதப் பெயர்களிலேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள். பேத்தர் மொல்லர் என்னும் மருந்தாளர் கொட் மீனின் ஈரலை நீராவியால் சூடாக்கித் தூய எண்ணெய் எடுக்கும் முறையை 1850களில் உருவாக்கிய பிறகு, ‘திரான்’ எனப்படும் அந்த மீனெண்ணெய் வீட்டுக்கு வீடு பரவியது. பெயரில் ‘ர’ ஒலி வரும் மாதங்களில், அதாவது செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை, நாளுக்கொரு கரண்டி குடிக்கவேண்டும் என்பது இங்குள்ள பழைய வழக்கம். 5 மில்லிலீற்றர் கொண்ட அந்தச் சிறு கரண்டியில், வளர்ந்தோருக்குப் பரிந்துரைக்கப்படும் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி கிடைக்கிறது. ஒஸ்லோவில் முதிர்ந்த முன்னோர் தமிழருக்கு இல்லை; ஆனால் ஒஸ்லோவில் முதிர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

தலைமயிருக்கு வந்தால், முளைத்து வெளிவந்த மயிர் ஓரிரவில் வெளுக்காது. மயிர்க்காலில் இருக்கும் நிறமிக் குருத்துக்கலங்கள் தீர்ந்துபோன பின் அடுத்து முளைக்கும் மயிரே வெள்ளையாக வருகிறது. கடும் மன அழுத்தம், உடலைப் போருக்கு ஆயத்தப்படுத்தும் நரம்புகளின் வழியே அந்தக் குருத்துக்கலங்களை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது என்பதை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு 2020இல் வெளியிட்டனர். சங்கப் புலவர் பிசிராந்தையார் தமக்கு நரை வராததற்குக் காரணம் கேட்கப்பட்டபோது மருந்தையோ எண்ணெயையோ சொல்லவில்லை. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாத அரசன், சான்றோர் வாழும் ஊர் என்று தம்மைச் சூழ்ந்தவர்களையே சொல்கிறார். போரில் உறவினரை இழந்தும், தெரியாத மொழியில் இரவுப்பணி செய்தும், ஊருக்குப் பணம் அனுப்பியும் முப்பது ஆண்டுகளைக் கடத்திய ஒரு தலைமுறைக்கு அந்தப் பட்டியலில் எத்தனை வாய்த்தன என்று எண்ணிப் பார்த்தால், அவர்களின் நரையைப் பார்த்துக் கேள்வி கேட்க நா எழாது.

உதிர்வது வேறு செய்தி. காய்ச்சல், அறுவை, மகப்பேறு, துயரம் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது உண்டு. காரணம் மறந்துபோன பிறகே விளைவு வருவதால் அது திடீரென்று தோன்றுகிறது, பெரும்பாலும் தானாகவே ஆறுகிறது. ஆறாவிட்டால் இரும்புச்சத்துக் குறைவோ தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறோ இருக்கலாம். பிடரியில் வெல்வெட்டுத் துணி போலத் தடித்த கருமையை அழுக்கென்று எண்ணித் தேய்த்துக் கழுவுவோர் பலர். அது இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம், ஒஸ்லோவில் இலங்கைப் பின்னணி கொண்டோரிடையே நீரிழிவு மிகுதி என்பதை ஆய்வுகள் முன்பே காட்டியுள்ளன. 2001 முதல் இந்நாட்டில் வசிக்கும் எவரும் தமக்கென ஒரு குடும்ப வைத்தியரைப் பெறலாம். இரும்பு, தைரொயிட்டு, விட்டமின் பி12, விட்டமின் டி, நீண்டகாலச் சர்க்கரை ஆகியவற்றை ஒரே முறை எடுத்த குருதியில் பார்த்துவிட முடியும்.

நரையை மறைக்க விரும்புவதில் குற்றமில்லை. ஆனால் கறுப்புச் சாயங்களில் உள்ள ‘பி.பி.டி.’ என்னும் வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தந்து, நெற்றியிலும் கழுத்திலும் நீங்காத கருமையை விட்டுச்செல்லும். முன்பு ஒருமுறை அரிப்போ வீக்கமோ வந்தவர்கள் அதை மீண்டும் தொடக்கூடாது. இதனினும் கொடியது வெளுப்பாக்கும் களிம்பு. மங்கையும் திட்டையும் கண்டு அஞ்சியவர்கள் ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லி எடுப்பித்தும் கடைகளில் தேடியும் வாங்கும் குழாய்களில் பாதரசமும் ஹைட்ரோகுயினோனும் இருப்பதுண்டு. இவ்விரண்டும் நோர்வேயில் அத்தகைய பூச்சுகளில் தடைசெய்யப்பட்டவை. வேறு சிலவற்றில் உள்ள குளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமிக்க ஸ்டீரொயிட்டு மருந்துகள், முதல் சில கிழமைகளில் முகத்தைப் பளபளப்பாக்கி, பின்னர் தோலை மெலியச் செய்து, குருதி நாளங்கள் தெரிய வைத்து, மூப்பை மறைக்க வந்தவருக்கு மூப்பையே தந்துவிடுகின்றன. ஆகவே இதைப் படிப்போர் இன்றே வீட்டுக் குளியலறை அலுமாரியைத் திறந்து, இந்தப் பெயர்களில் ஒன்று அச்சிட்ட குழாயோ, உள்ளடக்கமே அச்சிடாத குழாயோ இருந்தால், அடுத்த முறை குடும்ப வைத்தியரிடம் போகும்போது அதைக் கையோடு எடுத்துச் சென்று காட்டவேண்டும்.